பொம்பள முடக்குக்கு வந்த ஸ்பீக்கர்

"கொய்ங்" என்று பல் கூசும் ஒரு சத்தம் முதலில் எழும். அதைத் தொடர்ந்து, வெயிலில் காய்ந்த தகரக் கூரையே வாய் திறந்து பேசுவது போல ஒரு பெருமுழக்கம் உருண்டு வந்து, எங்கள் தலைக்கு மேல் மோதி, ஒரு சொல்கூடப் புரியாமல் கரைந்து போகும். ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தின் கோடியில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக் கூட்டம் என்றால் அந்த முழக்கம்தான்.

கூடம் பெரியது, ஆனால் நேரானதல்ல. கட்டும்போது குறுக்கே கன்னிமார் பாறை நின்றது; அதில் உளி வைக்க யாருக்கும் துணிச்சல் வராததால், சுவர் பாறையைச் சுற்றிக்கொண்டு போய், முழங்கையை மடக்கியது போலத் திரும்பிவிட்டது. மேடை இருந்த பகுதியில் ஆண்கள். திரும்பிய பகுதியில், மேடையே கண்ணில் படாத இடத்தில், நாங்கள். அதற்குப் பெயரே "பொம்பள முடக்கு".

அப்பா மைக் செட் வைத்திருந்தார். கலசப்பாக்கத்திலிருந்து செங்கம் வரைக்கும் தன்னுடைய புனல்வாய்க் "கொழா" ஸ்பீக்கர் கட்டாமல் ஒரு கல்யாணமும் நடக்காது என்று ஊரே சொல்வதாகச் சொல்லிக்கொள்வார். சொன்னது அவர் ஒருவர்தான். கூட்டம் தொடங்குமுன் மைக்கைத் தட்டி, "கேக்குதா?" என்பார். முடக்கிலிருந்து எல்லாரும் "கேக்குது!" என்போம். பொய்யில்லை, சத்தம் கேட்கத்தான் செய்தது. என்ன புரிந்தது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவரான துரைசாமி மாமா, "பொம்பளைங்க பக்கம் யாரும் ஒண்ணும் சொல்லல, அப்ப சம்மதந்தான்" என்று முடித்துவிடுவார்.

அப்படித்தான் ஒரு கூட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடம் கைநழுவப் பார்த்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் ஊரில் படிப்பு அதோடு சரி. ஊர் இடம் கொடுத்தால் உயர்நிலைப் பள்ளி வரும் என்றிருந்த நேரத்தில், இருந்த ஒரே பொது நிலத்தை, மலையிலிருந்து சாமையும் புளியும் வந்து இறங்கும் சந்தைக்கு ஒதுக்கலாம் என்று மேடையில் பேசி, பெண்களும் சம்மதம் என்று சொல்லியாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் முடிவு. வீட்டுக்கு வந்து அப்பா சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே விஷயம் தெரிந்தது.

"நாங்க எப்போ சம்மதம்னு சொன்னோம்?" என்று பிடித்துக்கொண்டாள்.

"கேக்குதான்னேன், கேக்குதுன்னீங்களே!" என்றார் அப்பா.

"சத்தம் கேட்டுச்சுங்க. இன்னா பேசனாங்கன்னு யாருக்குத் தெரியும்? எட்டாவதோட இவள வூட்ல குந்த வைக்கவா?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே முடக்கில் இன்னொரு கொழாயைக் கட்டினார். அம்மா என்னை மேடையில் நிறுத்தி, வாய்க்கு வந்ததைப் பேசச் சொல்லிவிட்டு, முடக்கில் போய் உட்கார்ந்து, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஒரு வரிகூடத் தேறவில்லை. ஒரு முழக்கம் இரண்டாகியிருந்தது, அவ்வளவுதான். "கொழா தெருவுக்குங்க. உள்ளுக்கு வேற பாக்கணும்" என்றாள். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், அந்த வாரமே எங்கள் இருவரையும் திருவண்ணாமலைக்கு அழைத்துப்போனார்.

கடைக்காரர் ஆளுயரப் பெட்டி ஒன்றில் சினிமாப் பாட்டைப் போட்டார். கடையே அதிர்ந்தது, அப்பா சொக்கிப்போனார். அம்மாவோ, "பாட்டு வேணாங்க. செய்தி வைங்க" என்றாள்.

"இன்னாம்மா இது, எல்லாரும் பாட்டு வச்சிதான வாங்குவாங்க?"

"அது தெரிஞ்ச பாட்டுங்க. காதுல வுழாததக்கூட மனசே பாடிக்கும். செய்தி அப்படி இல்லயே."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ரேடியோச் செய்திக்கு மாற்றினார். அம்மா தெருவில் இறங்கி, லாரியும் பஸ்ஸும் போகிற இரைச்சலில் நின்று, ஒவ்வொரு பெட்டியும் சொன்ன செய்தியை எனக்குத் திருப்பிச் சொன்னாள். ஆளுயரப் பெட்டி தோற்றது. மூலையில் தூசி படிந்து கிடந்த சின்னச் சின்னப் பெட்டிகள் வென்றன. "இத்த வச்சிக்கினு ஆட்டம் போட முடியாதே" என்று அப்பா முனகினார். "நாங்க ஆடப் போவல" என்றாள் அம்மா.

ஊருக்கு வந்ததும் அப்பா அவற்றை வழக்கம்போல உத்தரத்தில் மாட்டப் போனார். அம்மா விடவில்லை. கூரையையும் பாறையையும் பார்த்துப் பேசினால் அவைதான் பதில் பேசும் என்று சொல்லி, தூணுக்குத் தூண், உட்கார்ந்தவர் தலைக்குச் சற்று மேலே, பாயைப் பார்த்துக் குனிந்தாற்போல மாட்டச் செய்தாள். சத்தத்தைக் குறைக்கக் குறைக்கச் சொல் தெளிந்தது. அப்பாவின் கை ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகி ஏற்றுவதற்கே துடித்ததால், அதற்குக் காவலாக என்னை உட்கார வைத்தாள்.

கூட்ட நாளில் கூடம் திரும்பும் இடத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. துரைசாமி மாமா தொண்டையைச் செருமியதே காதோரம் கேட்க, முடக்கிலிருந்த பெண்கள் திடுக்கிட்டு, அவர் பக்கத்தில் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"பொது நெலத்த சந்தைக்கே வுட்றலாம். பொம்பள புள்ளைங்களுக்கு எட்டாவது போதாதா?" என்றார் மாமா.

"போதாது!" என்று முடக்கிலிருந்து அம்மா எழுந்தாள்.

அவள் பின்னாலேயே பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, "சந்தைய ரோட்டோரம் கூட்டலாம் மாமா. பள்ளிக்கூடத்த ரோட்டுல வைக்க முடியுங்களா?" என்றாள். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை; முடக்கு முழுவதும் எழுந்து, பாறையைத் தாண்டி, மேடைக்கு முன்னால் வந்து நின்றது. அப்பா மாமா கையிலிருந்த மைக்கை வாங்கி அம்மாவிடம் நீட்டினார். அந்த நிமிடம் எனக்கு வந்த பெருமை இன்றைக்கும் சொல்லி மாளாது. நிலம் பள்ளிக்கே போனது. அடுத்த ஆண்டே அங்கே ஒரு கொட்டகையில் ஒன்பதாம் வகுப்பு தொடங்க, முதல் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன்.

இன்று கூடத்துக்கு உள்கூரை போட்டு, குளிர்சாதனம் வைத்துவிட்டார்கள். அந்தச் சின்னப் பெட்டிகள் எப்போதோ கழன்றுவிட்டன. அப்பாவின் கொழாய்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. அதற்காக அவர் அவ்வப்போது புலம்புவார், நான் புலம்புவதில்லை. சென்ற மாதம் என் மகளோடு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். முடக்கில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கேதான் நாங்களெல்லாம் உட்காருவோம் என்று காட்டினேன்.

"அங்கயிருந்து மேடையே தெரியலயே, ஏம்மா அங்க போய் குந்தினீங்க?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்து பேசத் தொடங்கிவிட்டாள். மகள் பாட்டி பேசுவதைக் கேட்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.