தங்க மாதாவுக்கு முன்னால் ஒரு கோடு

துவைத்துக் காய்ந்த வேலைத் துணிகளை மடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு துணி மடிப்பேன், ஒரு வரி எழுதுவேன். மற்ற இடங்களில் துடைக்காவிட்டால்தான் ஏச்சு. நான் வேலை செய்கிற மெல்பேர்ண் ஓவியக்கூடத்தில் துடைத்தால்தான் ஏச்சு. வாளியும் துடைப்பமுமாய் உழைக்கிற சகோதரிமாருக்கு இந்த வில்லங்கம் விளங்கும்.

இந்த முறை வந்திருப்பது இத்தாலிப் படங்கள். அந்த நாட்டில் கலையும் படிப்பும் திரும்பப் பிறந்ததாம். அது எப்படித் தொடங்கியது என்று காட்ட மூன்று அறைகள். படங்களுக்கு முன்னால் நிலத்தில் சாம்பல் நிறக் கோடு. கோட்டுக்கு அங்கால் கை போனால் மணி அடிக்கும். துப்புரவுக்கு நானும் தமிழ்நாட்டுச் செல்வி அக்காவும். கண்காட்சி முடிய எங்களில் ஒருவரைத்தான் வைத்திருப்போம் என்று மேற்பார்வைக்கார லின்டா முதல் நாளே சொல்லிவிட்டா. என் மனிசன் இவருக்கு வேர்ஹவுஸில் ஷிப்ட் குறைந்து கிடக்கிற நேரம், பிள்ளை இன்னும் கையில். எனக்குப் பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு நின்றது, நாலு பேருக்கு முன்னால் வாயும் திறவாது. இந்த வேலையும் போனால் வேறு எங்கே போய்க் கேட்பேன்?

மினுங்கின துகள்

முதல் அறையில் தங்கத் தகடு ஒட்டின மாதா, மடியில் பிள்ளை. ஒரு காலை, அவவுக்குக் கீழே, கோட்டுக்கு இங்கால், நகக்கண் அளவில் ஏதோ மினுங்கியது. படத்திலிருந்து தங்கம் உதிர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். கூட்டினால் குற்றம். விட்டால் யாராவது மிதிப்பார்கள். ஆங்கிலத்தில் சொல்லவும் வாய் வரவில்லை. துடைப்பத்தைக் குறுக்கே பிடித்தபடி அதற்குக் காவல் நின்றேன். வந்தவர்கள் என்னையும் ஒரு காட்சிப்பொருள் என்று நினைத்துச் சுற்றிப் போனார்கள்.

காவலாளி டெனிஸ் கண்டுவிட்டு, படங்களைப் பராமரிக்கிற அன்னாவைக் கூட்டி வந்தார். அவ முழங்காலில் நின்று, சின்ன லைற் அடித்து, இடுக்கியால் தூக்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. கடைசியில் சொன்னா: “தங்கமென்றால் இன்றைக்கு உனக்கும் எனக்கும் வேலை போயிருக்கும். இது சொக்லேற் தாள்.”

கிழவன் முகப் பிள்ளை

முதல் அறைப் படங்களில் குழந்தை யேசுவுக்குச் சுருங்கின பெரிய மனிசன் முகம். அடுத்த அறையில் அதே மாதா, அதே பிள்ளை. ஆனால் பிள்ளைக்குக் கன்னம் கொழுத்திருக்கிறது, தாயின் முக்காட்டைப் பிடித்து இழுக்கிறது. முன்பு பழைய படத்தைப் பார்த்துப் படம் வரைந்தார்களாம், பிறகுதான் உயிருள்ள பிள்ளையைப் பார்த்து வரைந்தார்களாம், தொடக்கமே அதுதான் என்று வழிகாட்டிப் பெண் ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தா.

லின்டா வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தா. படம் பார்க்க வந்தவர்கள் இருக்கிற வாங்கைத் தேய்க்கிறமாதிரி நான் குனிந்தேன். பக்கத்தில் குனிந்த செல்வி அக்கா, என்னைச் சிரிக்கவைத்து வேலையைப் பறிக்கிற நோக்கமோ என்னவோ, காதுக்குள் சொன்னா: “ஆமா, எவளோ ஒரு பெத்தவ சண்ட போட்டிருப்பா ஜெனி, ‘இது எம் புள்ள மாதிரியா இருக்கு’ன்னு. அப்புறம்தான் திருந்தியிருப்பானுங்க!”

கண்ணாடிக்கு மேல் ஐஸ்கிறீம்

மூன்றாம் அறையில் புத்தகங்கள். பழைய அறிவெல்லாம் மடங்களின் மூலை முடுக்கில் கவனிப்பாரில்லாமல் கிடந்ததாம். அதைத் தேடி எடுத்து, படியெடுத்து, பரப்பினதில்தான் படிப்புக்கு மறுபிறப்பாம். அந்தப் புத்தகப் பெட்டியின் கண்ணாடியில் ஒரு குழந்தை ஐஸ்கிறீம் கையை அப்பிவிட்டுப் போய்விட்டது. தண்ணீர் தெளிக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, பெட்டி அசைந்தால் மணி. உலர்ந்த துணியால் பூனைக்குட்டியைத் தடவுகிறமாதிரித் தடவினேன். ஒரு தடவலுக்கு ஒருமுறை நான் நிறுத்தி, மணி அடிக்கிறதா என்று காது கொடுப்பதைக் கண்டு, பின்னால் நின்ற டெனிஸ் சொன்னார்: “பயப்படாதே ஜெனி. அந்தக் காலத்திலும் யாரோ முதலில் தூசிதான் தட்டியிருப்பார். படித்தவர்கள் பிறகுதான் வந்திருப்பார்கள்.”

ரெஜினா அன்ரியின் கை

ஒருநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கையில், “எங்கட வேலையிடத்தில மாதாவின்ர படங்கள் வந்திருக்கு” என்று வாயை விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு எங்கட மன்னார் அன்ரிமார் வான் பிடித்து வந்து இறங்கினார்கள். தங்க மாதாவைக் கண்டதும் கைப்பைகளிலிருந்து முக்காடுகள் வெளியே வந்தன. ஒருவர் ஜெபமாலையைத் தொடங்க, மற்றவர்கள் முழங்காலில். என்ன செய்வதென்று தெரியாமல் டெனிஸ் தொப்பியைக் கழற்றினார்.

மாதாவின் பாதத்தையோ பிள்ளையின் பாதத்தையோ தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்து முத்திசெய்வது எங்கட வழக்கம். அவர்களில் ரெஜினா அன்ரி எழும்பினா. கை கோட்டைத் தாண்டுகிறது. நான் அறையின் மற்ற முனையில், லின்டா வாசலில். தமிழில் கத்தினால் இது என் ஆட்கள் என்று லின்டாவுக்குத் தெரிந்துவிடும். கத்தாவிட்டால் விரல் படத்தில் பட்டுவிடும்.

“அன்ரி, தொடாதேங்கோ!”

அது என் சத்தம் என்று எனக்கே பிடிபடவில்லை. மணியும் அலறியது. விரல், பிள்ளையின் பாதத்துக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்க்க, அன்ரி நீட்டிய கையை மடக்காமலே கேட்டா: “ஏன் பிள்ளை, மாதாவைத் தொட உன்னட்டயே உத்தரவு கேக்கோணும்?”

லின்டாவின் அறை

மறுநாள் கூப்பிட்டார்கள். இவருக்கு ஒன்றும் சொல்லாமல் போனேன். கதிரையில் இருக்கச் சொன்னதே பயமாயிருந்தது. அங்கே இருந்த அன்னா அந்தப் படத்தின் பெரிய போட்டோ ஒன்றை என் பக்கம் திருப்பினா. பிள்ளையின் பாதத்தில் நிறம் தேய்ந்து மரம் தெரிந்தது. வரைந்த ஊரில் பெண்கள் பரம்பரை பரம்பரையாய்த் தொட்டுத் தொட்டுத் தேய்ந்ததாம். இன்னும் ஒரு விரல் பட்டால் மிச்சமும் வந்துவிடுமாம். லின்டா சுருக்கமாய்ச் சொன்னா: உன் சத்தத்துக்குத்தான் அந்த விரல் நின்றது; ஞாயிறுகளில் நீ துடைக்க வேண்டாம், கோட்டடியில் நின்று உன் ஆட்களை உன் மொழியில் மறி; கண்காட்சி முடிந்தாலும் வேலை உனக்குத்தான்.

வெளியே செல்வி அக்கா காத்துக்கொண்டு நின்றா. என் முகத்தைக் கண்டதும் அவவுக்கு விளங்கிவிட்டது. தோளில் தட்டினா, கொஞ்சம் பலமாகவே. “நல்லா இரு ஜெனி. நானுந்தான் அன்னிக்கு, லின்டா காதுல விழட்டும்னு இங்கிலீஷ்ல ‘டோன்ட் டச்’னு கத்துனேன். உங்க ஆன்ட்டி திரும்பிக்கூடப் பாக்கல.”

கும்பிடுகிற படத்தைத் தள்ளி நின்று பார்க்கிற படமாக்கிக்கொள்ள அந்த நாட்டுச் சனத்துக்கே தலைமுறைகள் எடுத்ததாம், எங்கட அன்ரிமாருக்கு அதை ஒரு ஞாயிறு பின்னேரத்துக்குள் பழக்கச் சொல்லி என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், இன்றைக்கு ரெஜினா அன்ரி தன் தங்கச்சிமாரையும் கூட்டிக்கொண்டு திரும்ப வாறாவாம், இந்தா இவர் கூப்பிடுகிறார், காரை ஸ்ரார்ட் பண்ணியாச்சாம், நான் போய் முதல் வேலையாய் அன்ரியின் கையைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.