பிடியில் கட்டிய நூல்

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு, மெல்போர்னிலிருந்து காரில் போனால் அரை நாளாகும் ஒரு பனிமலைக் கிராமத்தில் இது நடந்தது. ஆஸ்திரேலியாவில் பனி கொட்டும் என்று சொன்னால் கோயம்புத்தூரில் என் சொந்தக்காரர்கள் யாரும் நம்புவதில்லை. குளிர் தொடங்கும் ஜூன் பிறந்துவிட்டால் அந்த மலையில் இரவு நிறுத்திய கார் காலையில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். பனிச்சறுக்குக்கு வருபவர்களைக் கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் மேலே ஏற்றுவார்களே, அவற்றின் மின்சாரப் பராமரிப்பில் எனக்கு அந்தப் பருவத்துக்கு வேலை கிடைத்திருந்தது.

அங்கே ஒரு வீட்டை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். நானும், மெல்போர்னின் புறநகரான கிரான்பர்னில் எனக்குப் பக்கத்து அறையில் குடியிருந்த இலங்கைத் தமிழ்த் தம்பதியும். அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நான் தங்கச்சி. அண்ணா அகதியாகப் படகில் வந்தவர். வந்து பல வருடங்கள் ஆகியும் தற்காலிக விசாதான். மலையில் ஒரு விடுதியில் சமையல் வேலை அவருக்கு; அதே விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அக்காவுக்கு. எனக்கு இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். என் அம்மா போனில் "உங்க அண்ணன் சாப்பிட்டாரா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டிருந்தது.

வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வாசலிலிருந்து தெரு வரைக்கும் கார் வரும் பாதையில் விழும் பனியை நாங்கள்தான் அகற்ற வேண்டும். மண்வெட்டியால் இரண்டு வாரம் அள்ளிப் பார்த்தோம், மூன்று பேருக்கும் இடுப்பு போய்விட்டது. பனியை வாயால் அள்ளி, மேலே இருக்கும் குழாய் வழியாகத் தள்ளி எறியும் ஸ்நோ புளோவர் ஒன்றை வாங்குவது என்று முடிவானது. எது வாங்குவது என்பதை என்னிடம் விட்டார்கள்.

எனக்கு அட்டவணை போடாமல் எதுவும் ஓடாது. இணையத்தில் கிடைத்தவை பெரும்பாலும் அமெரிக்கர்கள் எழுதியவை. "எலெக்ட்ரிக்கா கேஸா" என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது. அண்ணாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"கேஸ் எண்டா? எங்கட குசினிச் சிலிண்டரைக் கொண்டுபோய் ஸ்நோவுக்குள்ள வைக்கிறதோ?"

"இல்லீங்கண்ணா, அவங்க பெட்ரோலைத்தான் அப்படிச் சொல்வாங்க."

"பெற்றோல் எண்டு சொன்னா என்ன, வாய் நோகுமாமோ அவைக்கு?"

அக்காவுக்கு பெட்ரோல் மெஷின்தான் வேண்டும். "இந்தக் குளிருக்கு என்ர போன் பற்றறியே செத்துப் போகுது. பற்றறி மெசின் பாதி வழியில நிண்டா ஆர் தள்ளுறது?" என்றார். அண்ணாவுக்கு மின்சாரம். இரவுச் சமையல் முடித்துவிட்டு வந்து காலையில் தூங்குகிற மனிதர், சத்தம் ஆகாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "பிள்ளை ரெண்டு கத்தரிக்காய் வாங்கவே கட்டம் கீறிப் பாக்கும். பொறுங்கோ, தீர்ப்பு வரும்" என்று அக்கா சிரித்தார்.

பெட்ரோல் மெஷினுக்குப் பலம் அதிகம். அந்த மலையில் விழுவது மாவு போன்ற பனி இல்லை, ஈரமாகக் கனக்கும். அதையும் அது அள்ளி எறியும். ஆனால் எங்கள் காரேஜ் படுக்கையறைக்கு நேர் கீழே இருந்தது. யாராவது அரைத் தூக்கத்தில் கதவைத் திறக்காமல் அதை ஓடவிட்டால், மேலே தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனைகூடக் கிடையாது. பெட்ரோல் கேனையும் அதே இடத்தில்தான் வைக்க வேண்டும். மின்சாரத்தில் பாட்டரி வகை அக்காவின் போன் கதைதான். வயர் போட்டு ஓட்டும் வகை லேசானது, புகை இல்லை, எங்கள் பாதையும் சின்னது. ஈரப்பனியில் அடைத்துக்கொள்ளும் என்ற ஒரு குறை மட்டும் இருந்தது. அதையும் எழுதித்தான் வைத்திருந்தேன். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடமிருந்து வயர் போட்ட பழைய மெஷின் ஒன்றை வாங்கினேன். அந்தத் தேர்வு தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை.

அந்த மெஷினின் கைப்பிடியோடு சேர்த்து ஒரு கம்பிப் பிடி இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும், விட்டால் நின்றுவிடும். ஓட்டுபவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அது. ஆனால் கையுறை போட்டிருந்தாலும், குளிரில் அந்தப் பிடியை விடாமல் அழுத்திக்கொண்டே நடந்தால் விரல்கள் மரத்துவிடும். தினமும் காலையில் நான்தான் ஓட்டினேன். உள்ளே வந்ததும் விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலையில் காரேஜுக்குப் போனால், அந்தக் கம்பிப் பிடி கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. சமையலறையில் இறைச்சியைச் சுற்றிக் கட்டுவார்களே, அந்த வெள்ளை நூல். நாலைந்து சுற்றுச் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தார் அண்ணா. மாடிப்படியில் நின்றுகொண்டு, "தங்கச்சி, இனிக் கை நோகப் பிடிக்கத் தேவையில்லை. பிளக்கைப் போட்டா ஓடும், கழட்டினா நிக்கும். பின்னால சும்மா நடந்து வாங்கோ, மாட்டுக்குப் பின்னால போற மாதிரி" என்றார். தூக்கம் கெட்ட கண்கள். நான் எழுவதற்கு முன்பு அவர் இறங்கி வந்து செய்திருக்கிறார்.

என் வேலையிடத்தில் யாராவது ஒரு பாதுகாப்புப் பிடியை இப்படிக் கட்டி வைத்திருந்தால், அந்த நிமிடமே மெஷினை நிறுத்திப் பூட்டுப் போட்டிருப்பேன். அது என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்தப் படியில் நின்று சிரிக்கிற முகத்தைப் பார்த்து, "இது தப்புங்கண்ணா" என்று சொல்ல வாய் வரவில்லை. "தேங்க்ஸுங்கண்ணா" என்றேன். இரண்டு நாள் கழித்து அவிழ்த்துவிடலாம், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கை நோகாமல் இருந்தது நன்றாகவும் இருந்தது. அவிழ்க்கவே இல்லை.

ஆகஸ்டில் ஒரு காலை. இரவெல்லாம் மழையும் பனியும் கலந்து விழுந்து, பாதை ஈரச் சிமெண்ட் மாதிரி கிடந்தது. பாதி தூரத்தில் மெஷினின் வாய் அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது. அக்கா வாசலில் நின்று, "நிண்டிட்டுதோ?" என்று கேட்டார். "நின்னுடுச்சுக்கா" என்றேன். வலது கையைக் கையுறையோடு உள்ளே விட்டு, இறுகிப் போயிருந்த பனியைத் தோண்டி எடுத்தேன்.

மெஷின் தானாக நின்றிருந்தது. நான் நிறுத்தியிருக்கவில்லை. பிளக்கைக் கழற்றாமல் கையை விட்டேன். அந்தப் பழைய மோட்டார் சூடு ஏறினால் தானே நின்று, ஆறினால் தானே ஓடும் வகை. பிடி கட்டியே இருந்ததால், யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் அதற்குக் கணக்கு. அடைப்பு விலகியதும் சுற்றியது.

வலி உடனே வரவில்லை. முதலில் ஒரு அடி விழுந்த மாதிரி இருந்தது. அக்கா கத்தியதைக் கேட்டுத்தான் கீழே பார்த்தேன். அவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அண்ணா செருப்பில்லாமல் இறங்கி வந்தார். காரை வெளியே எடுக்க வழியில்லை, அந்த வழிக்காகத்தானே இந்த வேலையே. தன் பனியனைக் கழற்றி என் கையைச் சுற்றி, மேலே தூக்கிப் பிடித்தபடி, முழங்கால் பனியில் என்னை இழுத்துக்கொண்டு கிராமத்து மருத்துவ நிலையத்துக்கு நடந்தார். வழி முழுக்க நான் டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். ரத்த வகை. கடைசியாகச் சாப்பிட்டது. டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது. அண்ணா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "நான்தானே கட்டினனான். நான்தானே கட்டினனான்."

கட்டுப் போட்ட நர்ஸ் எப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பிடியை யார் கட்டியது என்று கேட்டபடி பேனாவை எடுத்தார். அது சாதாரணக் கேள்வி. ஆனால் கையில் பேனா வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர் யாராக இருந்தாலும் அண்ணாவுக்கு அவர்கள் குடிவரவு அலுவலகம்தான். பக்கத்தில் சட்டையில்லாமல் நின்றவர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், "நானேதான் கட்டினேன்" என்று. அண்ணாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும்.

மெல்போர்ன் ஆஸ்பத்திரியில், நசுங்கிய விரல்களை ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது கணுவோடு முடிகின்றன.

நான் மலைக்குத் திரும்பியபோது வீட்டில் எல்லாம் இடது கைக்கு ஏற்றபடி மாறியிருந்தது. கதவுக் கொக்கி, கெட்டில், என் தட்டு வைக்கும் இடம் எல்லாம் அண்ணாவின் வேலை. எனக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தார். ஆனால் நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார். "தங்கச்சி" என்று கூப்பிடுவது நின்றுவிட்டது. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அக்காவிடம் சொல்லி அனுப்புவார், ஒரே அறையில் இருந்துகொண்டு. பருவம் முடிந்ததும் அவர்கள் சிட்னியில் பென்டில் ஹில்லுக்குப் போனார்கள், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்கு வேலை. நான் கிரான்பர்னுக்கு வந்தேன். அக்கா மட்டும் போன் பேசுவார். பின்னால் அண்ணா இருமுவது கேட்கும்.

விரல் இல்லாமல் எழுதப் பழகினேன், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கப் பழகினேன். போனில் அந்த இருமலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது பழகவில்லை. ஒரு நாள் அக்காவிடம் நேராகவே கேட்டேன். அண்ணாவுக்கு என் மேல் என்ன கோபம்?

அக்கா குரலைத் தாழ்த்தினார். "கோபமில்லை, பிள்ளை. உம்மட முகத்தைப் பாக்கேலாதாம். 'என்ர பிழையை அவ தன்ர எண்டு எடுத்துப்போட்டா, இனி நான் எதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறது' எண்டு சொல்லுறார்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு வருடமாக உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன். அந்த நர்ஸ் அதை யாருக்கும் அனுப்பியிருக்கப் போவதில்லை. வீட்டில் நடந்த விபத்து, அவ்வளவுதான். ஒரு ஆபத்தும் இல்லாத இடத்தில் அவரைக் காப்பாற்றி, அவர் பேச வேண்டிய ஒரே வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பென்டில் ஹில் போய் அவர்கள் கதவைத் தட்டினேன். அண்ணா என்னைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போகத் திரும்பினார். நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"அண்ணா, நூலைக் கட்டினது நீங்க. அதனாலதான் என் விரல் போச்சு."

"பிள்ளை!" என்று அக்கா பதறினார்.

அண்ணா திரும்பினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓம்" என்றார். "நான்தான் கட்டினனான்." பிறகு கிட்ட வந்து, என் வலது கையை எடுத்து, முதல் தடவையாக அதைப் பார்த்தார். விரல் முடிகிற இடத்தைப் பெருவிரலால் தடவினார். "நோகுதோ?"

"குளிர்ல நோகும்."

அவர் அழுவார் என்று நினைத்தேன். சத்தம் போட்டார். "எஞ்சினியர்தானே நீர்? படிச்சனீர்தானே? கண்ணுக்கு முன்னால கிடந்ததே, ஒவ்வொரு நாளும் பாத்தனீர்தானே! அவிட்டு எறிஞ்சுபோட்டு, 'உங்களுக்கு விசரோ அண்ணா' எண்டு என்னை ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாமே! ஏன் அவிழ்க்கேல்ல?"

"நீங்க கட்டினதுன்னுதாங்கண்ணா."

அண்ணா என் கையை விடாமல் அப்படியே நின்றார். அக்கா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார், ஏதோ தீய்ந்த வாசனை வந்திருந்தது. அன்றைக்குத் தீய்ந்த கறியைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம், ஒரே மேசையில். அவர் அதிகம் பேசவில்லை, இப்போதும் பழையபடி பேசுவதில்லை. குளிர்காலம் வந்தால் மட்டும் அவராகவே போன் செய்து, கை நோகிறதா என்று கேட்பார். நோகிறது என்றுதான் சொல்கிறேன், உண்மை அதுதான்.

இப்போதெல்லாம் என் நன்மைக்கென்று யாராவது எதையாவது செய்து கொடுத்தால், நன்றி சொல்வதற்கு முன்பு ஒரு தடவை திருப்பிப் பார்த்து, சரியில்லை என்றால் சரியில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை, வருத்தப்பட்டுக்கொண்டு போகிறார்கள், போகட்டும் என்று இருக்க முடிகிறது.