சிமெண்டு அறைக்கு என் கணவரா பொறுப்பு?

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டையிட்ட அவசரகாலத்தில், ஜெராம் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தோம். தொழிலாளர் வீட்டு வரிசையாகப் புது லயம் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது என் கணவரின் மண்வெட்டி ஒரு பலகையில் இடித்தது. பலகைக்குக் கீழே ஓர் அறை. சுவரெல்லாம் சிமெண்டு, மூலையில் துருப்பிடித்த டின்கள். அவர் உடனே ஓடிப்போய் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னார். அதுதான் வம்பாகிவிட்டது.

போலீசோடு வந்த தமிழ்க்காரர் ஒருவர், “காட்டுல இருக்கறவனுங்களுக்கு நீதானே இங்க அரிசி ஒளிச்சு வச்சே?” என்று அதட்ட, என் கணவரையே லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்டதைச் சொன்னவருக்கு விலங்கா?

தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே கணக்கெழுதும் கிராணியிடம் கத்தினேன். “கிராணி ஐயா, எங்க லயத்துத் தரையே மண்ணு. சிமெண்டுக்கு நாங்க எங்கலா போவோம்?”

கிராணி தலையைக் குனிந்துகொண்டார். “ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு, ஒளிஞ்சுக்க பழைய வெள்ளக்கார தொரை கட்டினதும்மா.”

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்! விடாமல் அவரை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் அதையே சொல்ல வைத்தேன். சாயங்காலம் கணவரை விட்டார்கள். வீங்கிய கன்னத்துக்கு ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எதைக் கண்டாலும் நாங்கள் தனியாகப் போய்ச் சொல்வதில்லை. லயத்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, எல்லோருமாகத்தான் போகிறோம். கிராணியை முன்னால் நடக்கச் சொல்கிறோம்.