இடது கையால் சுட்டவர்

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். திருமழிசைப் பக்கம் எனக்குக் கொஞ்சம் நிலமும், லைசென்ஸோடு ஒரு குட்டிப் பிஸ்டலும் இருந்தன. சட்டைப்பையில் அடங்கும் அந்தப் பிஸ்டலால் நான் நரிகளைச் சுட்டால், அவை ஓடாமல் நின்று என்னைப் பார்க்கும். குண்டு லேசாக இருப்பதுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். என் குறியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பூந்தமல்லியில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவரிடம் போய், கனமான ஈயக் குண்டு வார்த்துத் தோட்டா செய்யச் சொன்னேன். ஒல்லியானவர், என்னைவிட இளையவர், இரண்டு புருவமும் கருகியிருந்தன. ஒவ்வொரு குண்டையும் தங்கம் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்து, பிடிக்காததை மறுபடி உருக்கினார். வெடிமருந்தைக் குறைத்துப் போட்டார்.

“இன்னும் கொஞ்சம் தாராளமாப் போடுங்களேன்” என்றேன்.

“குண்டு கனமானா மருந்து கொறையணும் சார். இல்லாங்காட்டி பிஸ்டலு பூடும், கூடவே விரலும் பூடும்.”

எந்தத் தோட்டா செய்தாலும் முதலாவதை அவரே சுட்டுப் பார்ப்பாராம். கொல்லைக்கு வந்ததும், “நீங்க அந்த மரத்துக்குப் பின்னால நில்லுங்க சார்” என்றார். மரியாதைக்காவது மறுத்திருக்கலாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அங்கே இருந்தேன்.

வெடித்தது. எட்டிப் பார்த்தேன். பிஸ்டல் அவருடைய இடது கையில் இருந்தது.

“இடது கைப் பழக்கமா?”

“இல்ல சார். சோத்துக்கை வேலைக்கு வேணுமே.”

குடையை எந்தக் கையில் பிடிப்பது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தோட்டாக்களை வாங்கிவந்தேன். ஒன்றைக்கூட இதுவரை சுடவில்லை. என் இரண்டு கைகளில் எது போனால் பரவாயில்லை என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.