அப்பாவின் ஆறாயிரம் அடிகள்

தோழிகள் மட்டும் பார்க்கும்படி போடுகிறேன். போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். அம்மாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

நெஞ்சுவலி வந்ததிலிருந்து அப்பா தினமும் நடக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. அடிகளை இப்போது அவர் போனில் இருக்கும் ஆப் எண்ணுகிறது. அதற்குப் பதிலாகக் கையில் கட்டும் பேண்ட் வாங்கலாமா என்று அம்மா இன்று மாலை எங்களை அல்சூரில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார்.

"ஆப்புன்னா போன் யாரு பாக்கெட்ல இருக்கோ, அவங்க நடையத்தான் எண்ணும் மேடம். பேண்ட் கைலயே இருக்கும், ஏமாத்த முடியாது" என்றார் கடைக்காரர்.

அம்மா சிரித்தார். "இவரு எதுக்குங்க ஏமாத்தப் போறாரு? தினம் ஆறாயிரம் ஸ்டெப்! டாக்டரே பாத்துட்டு சூப்பர்னு சொன்னாரு. ஆப்பே போதும்."

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த ஆறாயிரமும் என்னுடையவை. காலையில் இருவரும் சேர்ந்துதான் கிளம்புவோம். அப்பா மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அவர் போனை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நான் கூடைப்பந்து ஆடுவேன்.

"நாலு வீடு தாண்டுனாலே மூச்சு வாங்குது கண்ணு. அம்மாவுக்குத் தெரிஞ்சா பயந்துடுவா."

நானும் சரி என்றுவிட்டேன்.

கடையிலிருந்து பஸ் ஸ்டாப் வருவதற்குள் அப்பா மூன்று முறை நின்றார், செருப்பைச் சரிசெய்வதுபோல. அம்மா சந்தோஷமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பேண்டா, ஆப்பா என்று உங்களிடம் நான் கேட்கவில்லை. நாளைக் காலையில் அப்பா போனை நீட்டும்போது என்ன சொல்வது என்று யாராவது சொல்லுங்களேன்.

இன்று அப்பா எட்டாயிரம் நடந்திருக்கிறார். மேட்சில் நாங்கள் ஜெயித்தோம்.