வேனில் போன பிரிட்ஜ்

வேலையை விட்டுப்போகிற ஆசிரியருக்குத்தான் தன் வீட்டில் எத்தனை சாமான் இருக்கிறது என்று தெரியவரும். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போய் சாக்பீஸ் பிடித்தவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்து கண்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் கெமிஸ்ட்ரி நடத்தினேன். ஊரில் என் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அந்த ஒரு வருடமாவது அவளோடு இருக்க வேண்டும் என்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். மூன்று மாத நோட்டீஸ். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

மூச்சு விடக் கூடாது

அதிபர், நம்மூர்க் கணக்கில் ஹெட்மாஸ்டர், கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பதினோராம் வகுப்பை இனி யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். ஓ.எல். என்கிற பொதுப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள். பாடத்தில் பாதி, அதுவும் கஷ்டமான பாதி, அப்படியே கிடந்தது. ஆள் பார்க்கலாம் என்றார். ஆனால் புது அட்மிஷன் முடிகிற வரைக்கும் பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ நான் மூச்சு விடக் கூடாதாம். தெரிந்தால் வேறு பள்ளிக்குக் கூட்டிப்போய்விடுவார்களாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் அடுத்த வேலைக்கு வேண்டிய என் சர்வீஸ் கடிதம் அவர் கையில் இருந்தது, தலையாட்டிவிட்டேன். கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

"நீங்க போறது பிரச்சினை இல்ல மிஸ். சத்தமில்லாம போங்க, அது போதும்."

அலுமாரி

ரகசியம் ஒரு வாரம் தாங்கியது. ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து மேசைக்காரி பரீனா டீச்சர், அம்பிட்டியவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அளவு நாடாவோடு வந்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் அலுமாரியை நீள அகலம் அளந்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், உள்ளே தொங்கிய என் சேலைகளை ஒரு ஓரமாகத் தள்ளினார். நான் போவதை யார் சொன்னது என்று கேட்டேன். அதிபரின் மனைவியாம். பிரிட்ஜ் தனக்குத்தான் என்று அந்த அம்மாள் எல்லோரிடமும் சொல்லியும் வைத்துவிட்டாராம்.

அந்தச் சனிக்கிழமையே பள்ளி வேன் வந்து நின்றது. வத்தேகமவில் இருக்கும் அதிபர் வீட்டுக்கு என் பிரிட்ஜ் போனது. எனக்கு வாய் திறக்கத் தடை போட்டவரின் வீட்டுக்கு, அவருடைய வேனிலேயே. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் பிளக்கைக் கழற்றிக் கொடுத்தேன் பாருங்கள், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அன்று அலுமாரியை அளந்து முடித்துப் புறப்படும்போது, மேசையில் கிடந்த விடைத்தாள்களைப் பார்த்து பரீனா டீச்சர் அக்கறையாகத்தான் சொன்னார்:

"இதெல்லாம் என்னத்துக்கு இனி, போற ஆள் தானே நீங்க."

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த வாரம் பதினோராம் வகுப்பு லீடர் ரிஸ்னா எழுந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டில் வகுப்பு வைப்பீர்களா, மிச்சப் பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றாள். வீட்டுக்கு வந்தால் பிரிட்ஜ் நின்ற இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்ப்பார்களே. அந்தப் பதற்றத்தில், பரீட்சைக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது, எதற்கு இந்த அவசரம் என்று நன்றாகத் திட்டினேன். அவள் முகம் மாறவில்லை.

"சரி மிஸ். நீங்க சொன்னா சரிதான்."

பெற்றோர் கூட்டம்

அலவத்துகொடயிலிருந்து ரிஸ்னாவின் உம்மா வந்திருந்தார். அதிபர் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "நீங்க இங்க ஈக்கிற வரைக்கும் எங்களுக்குப் பயமில்ல டீச்சர்" என்று அந்த உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அதிபரின் அறைக்குப் போய்க் கத்தினேன். இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது, ஆள் எங்கே என்று கேட்டேன். ஆள் கிடைக்கவில்லையாம். நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வகுப்பில் போய் உட்காருவாராம், பிள்ளைகள் புத்தகத்தை வாசிப்பார்களாம். இதற்குப் பெயர் பள்ளிக்கூடமா என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"என்ன மிஸ், எப்படியும் பிள்ளைகளுக்கு வெளிய டியூஷன் இருக்கு தானே."

எல்லோருக்கும் தெரிந்தது

சர்வீஸ் கடிதம் போனால் போகட்டும் என்று மறுநாள் வகுப்பில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். நான் போகிறேன், நாலு வாரம்தான், இதுவரை மறைத்தது என் தப்பு. யாரும் அழவில்லை. ஒருவரும் ஆச்சரியப்படவும் இல்லை. ரிஸ்னாதான் பேசினாள். பிரிட்ஜை ஏற்றிப்போன வேன் அங்கிள் அன்றே சொல்லிவிட்டாராம், மிஸ்ஸிடம் கேட்க வேண்டாம், பாவம் என்றும் சொன்னாராம். ஒன்றரை மாதமாக முப்பது பிள்ளைகளும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் முடிந்திருக்க வேண்டிய ஒன்றரை மாதம் அது. அதிபரைத் திட்ட வைத்திருந்த வார்த்தை எல்லாம் எனக்கே பொருந்தியது.

"அதுதான் மிஸ் சண்டே கிளாஸ் கேட்டோம். நீங்க ஏசினீங்க."

மிச்சமிருந்த நாலு ஞாயிறும் அம்பிட்டிய வீட்டில் வகுப்பு நடந்தது. கதிரைகளையும் அதற்குள் யாரோ கொண்டுபோயிருந்ததால் பிள்ளைகள் வெறும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். முக்கால்வாசி முடித்தோம், கால்வாசி முடிக்கவில்லை.

வீடு நிறையச் சாமான் இருந்த ஆறு வருடத்தில் ஒரு பிள்ளையையும் உள்ளே கூப்பிடாத நான், எல்லாம் போன பிறகுதான் அந்த வீட்டில் டீச்சராக இருந்தேன்.