ஏழு படிகளும் ஒரு ஜாங்கிரியும்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் எனக்கு மனுக்கள் பிரிவு. பொது நிர்வாகத்தில் முதுகலை படித்தால் வேலையை இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று நம்பி, ஞாயிறுதோறும் சேலத்துக்கு பஸ் ஏறினேன். அப்படி நம்பியதற்கே என்னை ஃபெயில் ஆக்கியிருக்க வேண்டும்.

வகுப்பு என்றால், கைடு புத்தகத்தைப் பேராசிரியர் வாசிப்பார், நாங்கள் அதே கைடில் கோடு போடுவோம். இரண்டு வருடத்தில் ஒரு மனுவையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. குறை தீர்க்கும் முறைக்கு ஏழு படிகள் உண்டாம். ஏழாவது படியில் குடிமகன் மனநிறைவு அடைகிறான். எங்கள் அலுவலகத்தில் யாரும் அந்தப் படிவரை ஏறி நான் பார்த்ததில்லை.

கடைசி வகுப்பில், பாடத்திட்டத்தை மேம்படுத்த ஆலோசனை கேட்டு ஒரு படிவம் தந்தார்கள். எல்லோரும் ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எனக்குத்தான் கை அரித்தது. மாணவர் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மனுவை எடுத்துக்கொண்டு, அது முடியும்வரை கூடவே அலையட்டும் என்று எழுதினேன். பேராசிரியர் படித்துப் பார்த்தார்.

“நல்ல யோசனைங்க மேடம். ஆனா இதுக்கு மார்க் எப்படிங்க போடறது?”

பரீட்சையில் அந்த ஏழு படிகளையே கேட்டிருந்தார்கள். நடப்பதை எழுதினேன். யார் மேல் புகாரோ அவருக்கே மனு திரும்பிப் போகும், அவர் சொல்லும் பதிலை நாங்கள் தட்டச்சு செய்வோம் என்று இரண்டு பக்கம். அந்த ஒரு தாளில் ஃபெயில். அது தேறாமல் பட்டம் கிடையாது.

கோபம் தலைக்கேறியது. என் பதிலில் என்ன பிழை என்று கேட்டு பல்கலைக்கழகத்துக்கு மனு போட்டேன். ஒரு மாதம் கழித்து பதில் வந்தது: ‘மனு பரிசீலிக்கப்பட்டு, உரிய பதில் அளிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.’ உரிய பதில் எங்கே என்று உறையை உதறிக்கூடப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. அது என் வரி. தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு கணினியில் சேமித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் நான் பிறருக்கு அனுப்புவது அதைத்தான்.

மறுபடி அந்தத் தாளை எழுதும்போது ரோஷத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஏழு படிகளையும் அடிபிறழாமல் எழுதி, குடிமகனுக்கு மனநிறைவும் கொடுத்துவிட்டு வந்தேன். எழுபத்தெட்டு மதிப்பெண்.

பட்டம் வந்தால் அலுவலகத்துக்கு இனிப்பு வாங்குவது வழக்கம். ஜாங்கிரிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது, கைத்தறி நெய்யும் ஓர் அம்மா நாலாவது முறையாக மனுவோடு வந்தார். தெருச் சாக்கடை அடைத்து, அவருடைய தறிக்குழியில் தண்ணீர் ஏறிவிட்டது. குழிக்குள் கால் வைத்து மிதிக்க முடியாமல் தறி நின்று மூன்று மாதம்.

“பதில் வந்துச்சுங்களா?” என்றேன், வழக்கம்போல.

“மூணு பதிலு வந்துச்சுங்க சாமி. குழியிலதான் தண்ணி வத்தல.”

பெட்டியிலிருந்து ஒரு ஜாங்கிரியை எடுத்துக் கொடுத்தேன்.

“என்னங்க விசேஷம்?”

“படிச்சுப் பாஸ் பண்ணிட்டேங்க.”

“என்ன படிப்புங்க சாமி?”

ஜனங்களுடைய குறையைத் தீர்க்கும் படிப்பு என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஜாங்கிரியைப் பார்த்தார். அதை, தான் கொண்டுவந்த மனுவின் மேலேயே வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

“மொதல்ல தண்ணி வத்தட்டுங்க சாமி. அப்பறமா தின்னுக்கறேன்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் போனதும் கணினியில் சேமித்திருந்த அந்த வரியை அழித்தேன். அதனால் குழியில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. மனுவில் எண்ணெய்க் கறை பரவியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, பத்து நிமிட நடையில் இருந்த அந்தத் தெருவுக்கு முதல் தடவையாகப் போனேன்.